பதினோரு பேரில் ஒன்பது பேருக்குப் புகார் இல்லை

பட்டம் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது ஒரு பாராட்டின் நடுவில்தான். நான் நர்ஸாக வேலை செய்யும் மருத்துவமனைக்குத் தரச்சான்று கொடுப்பதற்காக வெளியூரிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். அறை அறையாகப் பார்த்துவிட்டு, கடைசியில் நோயாளிகளின் கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நிமிர்ந்து, "இந்த நர்ஸ் குறிப்பெல்லாம் யார் எழுதுறது?" என்றார்.

ஏதோ தப்பு என்று நினைத்து, "நான்தாங்க சார்" என்றேன்.

"நேரம், கையெழுத்து எல்லாம் ஒழுங்கா இருக்குது. கதை இல்ல. பாத்தத மட்டும் எழுதியிருக்கீங்க. டாக்டர், இவங்களையே தரப் பொறுப்பாளராப் போடலாமே?"

எங்கள் டாக்டர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. "தாராளமா" என்றார்.

"என்ன டிகிரிம்மா?"

"டிப்ளமோங்க சார். நர்சிங்."

அவர் கோப்பை மூடினார். "ஏதாவது ஒரு டிகிரி இருக்கணுமே."

"மூணு வருஷம் கழிச்சு மறுபடியும் வருவீங்கல்ல? அதுக்குள்ள முடிச்சிடுவாங்க" என்று டாக்டரே எனக்காகச் சொல்லிவிட்டார்.

அவர்கள் டீ குடித்து முடிப்பதற்குள் நான் மருந்து அறைக்குள் நின்று போனில் தேட ஆரம்பித்துவிட்டேன். நர்சிங் பட்டத்தை ஆன்லைனில் படிக்க முடியாது, அதற்கு வார்டில் நிற்க வேண்டும். ஆனால் அவர் "ஏதாவது ஒரு" என்றுதானே சொன்னார்? சாயங்காலத்துக்குள் சமூகவியல் இளங்கலைக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. பட்டியலில் கணக்கு வராத பாடம் அதுதான் என்று நினைத்தேன். இரண்டாம் பருவத்திலேயே புள்ளியியல் வந்து நின்றது. நான் எதையும் இப்படித்தான் ஆரம்பிப்பேன், வேகமாக.

எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் கேட்டதும் சிரித்தார். "சமூகவியலா? அத வச்சி இன்னாடி பண்ணுவ? ஊசி போடறதுக்கு முன்னாடி ஜாதி கேப்பியா?"

அதன் பிறகு மூன்று வருடம். அதை எழுதக்கூட அலுப்பாக இருக்கிறது. வகுப்பெல்லாம் வீடியோ. சில நிமிடத்துக்கு ஒருமுறை திரை நின்று, "தொடர்கிறீர்களா?" என்று கேட்கும். தொட்டால்தான் நகரும், வருகைப் பதிவும் ஆகும். எங்கள் வீடு கருவேப்பிலங்குறிச்சியில். டூட்டிக்கு விருத்தாசலம் போகும் பஸ்ஸில் ஒரு காதில் மட்டும் வயரைச் செருகிக்கொண்டு கேட்பேன். பாதி நாள் அந்தக் கேள்வி திரையில் அப்படியே நிற்க, நான் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கியிருப்பேன். "நர்சம்மா, ஸ்டேண்டு வந்துடுச்சி, எறங்கு" என்று கண்டக்டர் சீட்டைத் தட்டுவார். யாராவது லீவு போட்டால் இரண்டு ஷிப்ட். அந்த வாரம் வகுப்பு குவிந்துவிடும். அடுத்த வாரம் குவிந்ததைக் கரைக்க உட்கார்ந்தால் அந்த வாரத்தினுடையது குவியும். குடும்பம் என்ற அமைப்பைப் பற்றி ஒரு பருவம் முழுக்கப் படித்தேன். அந்தப் பருவத்தில் அம்மாவோடு உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டேனா என்று நினைவில்லை.

எப்படியோ எல்லாத் தாள்களும் தேறி, கடைசியாக ஒன்றே ஒன்று மிஞ்சியது. களப்பணி அறிக்கை. நம் பகுதியில் ஏதாவது ஒரு தொழில் செய்பவர்களைச் சந்தித்துப் பேசி எழுத வேண்டும். அது ஏற்கப்படாவிட்டால் அந்தப் பருவம் முழுவதையும் திரும்பப் படிக்க வேண்டும். அதற்குள் தரச்சான்று ஆட்கள் வந்து போய்விடுவார்கள். "பட்டம் இல்லன்னா வெளியேருந்து ஆள் எடுத்துடுவேன் சிஸ்டர், தப்பா நெனைக்காதீங்க" என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார். தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? இடம் காலியாக இருந்தால் சான்று கிடைக்காது.

ஆளுக்கு நான் அலையவில்லை. அம்மா வேலை செய்யும் பீங்கான் கம்பெனியில் ஒரே ஷெட்டில் பதினோரு பெண்கள். அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் பிசிறைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, சூளைக்குப் போகும் பலகையில் அடுக்குவார்கள். நாள் முழுக்க அதே கை, அதே திருப்பு. எனக்கு வார லீவு கிடைத்த ஒரு நாளில் நோட்டோடு போய் நின்றேன்.

"ஏ, ஊசி எடுத்துக்கினு வந்துட்டாடி!" என்று ஒரு அக்கா கத்த, ஷெட்டே சிரித்தது.

"வலி ஏதாச்சும் இருக்குதாக்கா?" என்று அவரிடமே முதலில் கேட்டேன்.

"எனுக்கு இன்னா வலி? ஒங்கம்மா பேசற பேச்சக் கேட்டுக் கேட்டுக் காதுதான் வலிக்குது."

புகார் இல்லை என்று எழுதிக்கொண்டேன். ஒருவர் கழுத்து என்றார், ஒருவர் இருமல் என்றார். மற்றவர்கள் எல்லாரும் இல்லை. கடைசியாக அம்மா. "ஒன்ன மட்டும் உட்டுட்டா நல்லா இருக்காதும்மா. வலி இருக்குதா?"

"இல்ல. எழுதிக்கோ."

வயது, எத்தனை வருட வேலை, கேட்ட நேரம், புகார். பதினோரு பேருக்கும் சுத்தமாக எழுதி அனுப்பினேன். நாலே நாளில் திரும்பி வந்தது. வழிகாட்டிப் பேராசிரியை கீழே எழுதியிருந்தார்: "இது ஆஸ்பத்திரிக் குறிப்பு மாதிரி இருக்கிறது. ஆய்வு எங்கே? உங்கள் கருத்து என்ன?"

எனக்குக் கோபம் வந்தது. கருத்து எழுதாதே என்பதுதான் நான் படித்த படிப்பு. நோயாளி கோபமாக இருக்கிறார் என்று எழுதக் கூடாது. சத்தமாகப் பேசினார், தட்டைத் தள்ளினார் என்று எழுத வேண்டும். பயிற்சிக் காலத்தில் "நோயாளி நன்றாக இருக்கிறார்" என்று ஒருநாள் எழுதிவிட்டு, "நன்றாகன்னா எவ்வளவு?" என்று எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான்.

இரண்டாவது தடவை புத்திசாலித்தனமாக ஒரு வேலை செய்தேன். பாடப் புத்தகத்திலிருந்து அந்நியமாதல், உழைப்புச் சுரண்டல் என்று நாலைந்து பக்கம் எடுத்து நடுநடுவே செருகினேன். படித்துப் பார்த்தபோது எனக்கே பயமாக இருந்தது, அறிவாளி எழுதியது மாதிரி. அதைக் கணினியே கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியது. பெரும்பகுதி பாடநூலில் உள்ளது, இன்னும் ஒரு வாய்ப்புதான், பத்து நாளில் கடைசித் தேதி.

ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கீழே நின்று பேராசிரியைக்குப் போன் போட்டேன். "மேடம், கருத்துன்னு எழுதி எனக்குப் பழக்கம் இல்லீங்க."

"அது இருக்கட்டும். ஒண்ணு கேக்கறேன். பதினோரு பேர்ல ஒன்பது பேருக்குப் புகார் இல்லன்னு எழுதியிருக்கீங்க. நீங்க அத நம்புறீங்களா?"

"அவங்க சொன்னதத்தான் எழுதினேன் மேடம்."

"சொன்னத எழுதினீங்க, சரி. நம்புறீங்களா?"

"சிஸ்டர், பாட்டிலு முடிஞ்சிடுச்சி" என்று ஒரு நோயாளியின் வீட்டுக்காரர் வந்து நின்றார். ஒரு நிமிஷம் என்று இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

நைட் டூட்டி முடிந்து மறுநாள் காலை வீட்டுக்கு வந்தேன். கண் எரிந்தது. அம்மா குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வழக்கம்போல ஈரப் புடவையைத் தூக்கி நீட்டினார். "இந்தா, இதப் பிழி."

பிழிந்தேன். பாதியில் கை நின்றது. இதை எத்தனை நாளாக நான் பிழிகிறேன்? பயிற்சியில் இருந்தபோது என் வெள்ளை யூனிபார்மை அம்மாதானே முறுக்கிப் பிழிந்து காயப்போடுவார்?

"ஏம்மா, நீ பிழிய மாட்டியா?"

"அதான் நீ இருக்கற இல்ல."

"நான் இல்லாத அன்னிக்கி?"

"சொட்டச் சொட்டப் போட்டுடுவேன். வெயிலு எதுக்குக் காயுது?"

அவர் வலது கையைப் பிடித்துக் கட்டை விரலின் அடிச்சதையை அழுத்திப் பார்த்தேன். இடது கையை விட வற்றியிருந்தது. தினமும் பத்துப் பேருக்கு நாடி பிடிக்கிறவள், இந்தக் கையைப் பிடித்துப் பார்க்கவில்லை.

"வெரலு மதமதன்னு இருக்குதா?"

"காலையில கொஞ்ச நேரம் இருக்கும். எல்லாருக்கும் இருக்கறதுதான்."

"எல்லாருக்குமா?"

"கம்பெனில எல்லாருக்குந்தான். அதப் போயி வலின்னு சொல்லுவாங்களா? வலின்னா வேலைக்கி வர முடியாம படுக்கறது."

"அன்னிக்கிக் கேட்டப்ப சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நீ வலி இருக்குதான்னு கேட்ட. இல்லன்னேன். மேஸ்திரி வேற பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தான். உடு, புடவைய உதறிப் போடு."

மூன்று மணி நேரம் தூங்கி எழுந்து எழுத உட்கார்ந்தேன். பதினோரு பேரின் குறிப்பையும் மாற்றவில்லை. அவர்கள் சொன்னது அது. அதன் கீழே "இதை நான் நம்பவில்லை" என்று எழுதினேன். டாக்டர் கையெழுத்து இல்லாமல் மருந்து கொடுத்தது மாதிரி இருந்தது. அடித்தேன், மறுபடி எழுதினேன். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களை வலிதான் கூட்டிக்கொண்டு வருகிறது, அதனால் கேட்டதும் சொல்லிவிடுகிறார்கள்; நான் தேடிப் போனவர்கள் வேலையில் இருந்தார்கள், பக்கத்தில் மேஸ்திரி இருந்தார், கேட்ட கேள்வியும் தப்பு. இதையெல்லாம் இரண்டு பக்கம் எழுதினேன். அம்மாவிடம் கேட்டுவிட்டுப் புடவையையும் எழுதினேன். ("புடவ கலரெல்லாம் எழுதாத" என்றார்.) கடைசித் தேதிக்கு முதல் நாள் பஸ்ஸில் இருந்தபடியே அனுப்பினேன்.

ஏற்றுக்கொண்டார்கள். மதிப்பெண் என்னவோ தேர்ச்சிக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. "கடைசி இரண்டு பக்கத்தை முதலிலேயே எழுதியிருக்கலாம்" என்று ஒரு குறிப்பு. செய்தி வந்தபோது படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். குதிப்பேன் என்று மூன்று வருடமாக நினைத்திருந்தேன். சுவரில் சாய்ந்து நின்றதோடு சரி. இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொன்னேன். "டிகிரியா! சரிங்க மேடம், ஏழாம் நம்பருக்கு பிரஷர் பாத்துட்டு வாங்க" என்றார். டாக்டர், சான்றிதழ் கைக்கு வந்ததும் ஆர்டர் போடுவதாகச் சொன்னார். எலும்பு டாக்டரிடம் கையைக் காட்ட அம்மா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரு வழியா முடிஞ்சிதுல்ல, இனிமேலாச்சும் தூங்கு" என்கிறார்.

தூங்கத்தான் வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. மார்க்குக்காக இல்லாமல், அந்த அக்காக்களிடம் மறுபடியும் ஒரு முறை கேட்டுப் பார்க்கப் போகிறேன். ஷெட்டில் வேண்டாம், அவரவர் வீட்டில். வலி இருக்கிறதா என்று கேட்க மாட்டேன். முன்னால் நீங்களே செய்து, இப்போது வேறு யார் கையிலோ கொடுத்துவிட்ட வேலை எது என்று கேட்கப் போகிறேன். முதலில் அந்தக் காது வலி அக்கா. அவர்கள் தெருவில் காலை எட்டு மணிக்குத்தான் தண்ணீர் விடுவார்களாம். குடத்தை யார் தூக்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும். அதற்கு முந்தின பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும்.