லாரி ஏறினாலும் ஒன்றும் ஆகாது

நான் ஸ்க்ரூ பார்க்கிறவன். கதவுக்கும் பீரோவுக்கும் போடுகிற ஸ்க்ரூ இல்லை. மனுஷனுடைய முதுகெலும்புக்குள் போடுகிற டைட்டானியம் ஸ்க்ரூ. கோயம்புத்தூரில் பம்புக்கும் மோட்டாருக்கும் உதிரிபாகம் கடைந்துகொண்டிருந்த பட்டறைகளில் சில, கொஞ்ச வருஷமாக இதையும் செய்கின்றன. நான் வேலை பார்க்கிற இடம் அப்படிப்பட்ட ஒன்று. மெஷினிலிருந்து வருகிற ஒவ்வொரு லாட்டையும் அளந்து, சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுவேன், இல்லையென்றால் சிவப்பு டப்பாவில் தள்ளிவிடுவேன். ஆபரேட்டர்களுக்கு என்னைக் கண்டால் ஆகாது. "இன்னொருக்கா அளந்து பாருங்கண்ணா" என்று கெஞ்சுவார்கள். "இன்னொருக்கா அளந்தா மரை வளர்ந்துருமா?" என்று கேட்பேன். என் கையெழுத்துப் போன ஸ்க்ரூ ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்பதில் எனக்குத் தலைக்கனம் உண்டு. அந்தத் தலைக்கனத்தைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன்.

இத்தனை வருஷத்தில், அந்த ஸ்க்ரூ போய்ச் சேருகிற உடம்பைப் பற்றி நான் ஒருநாளும் நினைத்ததில்லை. நீலமும் பச்சையுமாகக் கலர் ஏற்றி, சைஸ் வாரியாகப் பொட்டலம் கட்டி அனுப்பிவிடுவோம். அதற்குமேல் எனக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. என் மனைவி வண்டியில் என் பின்னால் உட்கார்ந்திருந்து விழும்வரை அப்படித்தான் இருந்தேன்.

மதுக்கரைப் பக்கம் ஒரு புதுமனைப் புகுவிழாவுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். மத்தியான நேரம். வேகத்தடையை நான் கவனிக்கவில்லை. கவனித்தேன், ஆனால் மெதுவாக்கவில்லை என்பதுதான் உண்மை. ஒருபக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்திருந்தவள் மேலே எழும்பி, மறுபடி சீட்டில் விழாமல் தார்ரோட்டில் உட்கார்ந்த வாக்கில் விழுந்தாள். ரத்தக் காயமே இல்லை. எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன். "ஏனுங்க, காலு மதமதன்னு இருக்குதுங்க" என்றாள். அந்தச் சத்தத்தில் இருந்த மரியாதை இன்னும் என் காதில் இருக்கிறது. ரோட்டில் விழுந்து கிடக்கும்போதும் எனக்கு ஒரு 'ங்க' குறைக்கவில்லை.

முதுகெலும்பு அடுக்கில் ஒரு கட்டு எலும்பு நொறுங்கியிருந்தது. மேலே இரண்டு கட்டுக்கும் கீழே இரண்டு கட்டுக்கும் ஸ்க்ரூ ஏற்றி, இரண்டு கம்பியால் இணைத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். படம் போட்டுக் காட்ட வந்தவரிடம், "தெரியுங்க டாக்டர், நான் இந்த லைன்லதான் இருக்கேன்" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அந்தக் கவலையிலும் எனக்கு அதில் ஒரு சின்னப் பெருமை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் வாக்கரைப் பிடித்து நின்றாள். இடது கால் கொஞ்சம் இழுத்தது. அது போகப் போகச் சரியாகிவிடும் என்றார்கள். வீட்டுக்கு அனுப்பும் அன்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஸ்க்ரூ நல்ல ஸ்க்ரூதானுங்க. ஆனா அது புடிச்சிருக்கிற எடம் எலும்பு. இவங்களுக்கு எலும்பு பொறுபொறுன்னு இருக்குது. செவுரு உதுந்தா ஆணி கெட்டியா இருந்து என்ன பண்றது? உடைஞ்சது கூடற வரைக்கும் இது ஒரு முட்டு, அவ்வளவுதான். மூணு மாசம் குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, பெல்ட் இல்லாம எந்திரிக்கவே கூடாது."

தலையை ஆட்டினேன். ஆட்டிக்கொண்டே, எந்தக் கம்பெனி ஸ்க்ரூ, என்ன கிரேடு என்று கேட்டேன். சொன்னதை விட்டுவிட்டு இதைக் கேட்கிறானே என்று அவர் நினைத்திருப்பார்.

வீட்டுக்கு வந்ததும் ஆட்கள் பார்க்க வர ஆரம்பித்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டால், சொந்தம் பந்தம் எல்லாம் ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும். வராவிட்டால் அது ஒரு பேச்சு. வந்தவர்களை வீட்டுக்காரர்கள் எழுந்து நின்று 'வாங்க' என்று கேட்காவிட்டால் அது அதைவிடப் பெரிய பேச்சு. "அவங்க ஊட்டுக்குப் போனேன், வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலை" என்று இருபது வருஷம் கழித்தும் சொல்லிக்காட்டுகிற ஆட்களை எனக்குத் தெரியும். என் மனைவி அந்த விஷயத்தில் ரொம்பக் கெட்டி. தபால்காரர் வந்தால்கூட எழுந்துதான் 'வாங்க' என்பாள். இப்போது கட்டிலில் படுத்தபடி 'வாங்க' கேட்க வேண்டியிருந்தது. ஒவ்வொருவருக்கும், "எந்திரிக்க முடியலைங்க, தப்பா நெனச்சுக்காதீங்க" என்று சேர்த்துச் சொன்னாள். வந்தவர் போனபிறகு, காலை நீட்டிக்கொண்டே பேசிவிட்டோமே என்று கூசிப்போவாள்.

நான் என்ன செய்தேன் என்றால், பட்டறையிலிருந்து ஒரு ரிஜெக்ட் ஸ்க்ரூவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். சிவப்பு டப்பாவில் கிடந்தது. மரையில் மட்டும் பிசகு, பார்வைக்கு நகை மாதிரி இருக்கும். அதை வருகிறவர்களிடம் காட்டினேன். கையில் வாங்கி உருட்டிப் பார்ப்பார்கள். "இத்தனை சின்னதுதானுங்களா?" என்பார்கள். "சின்னதுதானுங்க. டைட்டானியம். லாரி ஏறினாலும் ஒண்ணும் ஆகாது" என்பேன். அவர்கள் ஆச்சரியப்படுவதில் எனக்கு ஒரு ருசி வந்துவிட்டது. அவளை நான் வண்டியிலிருந்து விழவைத்ததைப் பற்றி யாரும் கேட்கக் கூடாது என்பதற்காகவும் அதைப் பேசினேன் என்று இப்போது தெரிகிறது. வண்டி, வேகத்தடை என்று பேச்சு எடுக்கும் முன்னே ஸ்க்ரூவை எடுத்துவிடுவேன்.

அதை அவள் கட்டிலிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு தடவையா, இரண்டு தடவையா. ஐந்து வாரத்தில் ஐம்பது தடவையாவது கேட்டிருப்பாள்.

ஆறாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவிநாசியிலிருந்து சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் வந்தார்கள். எங்களுக்கு ஒரே மகள். கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை. அம்மா விழுந்ததிலிருந்து அவளைப் பார்த்துக்கொள்ள எங்களோடுதான் இருந்தாள். மத்தியானம் வருவதாகச் சொன்னவர்கள் காலையிலேயே வந்துவிட்டார்கள். மகள் பால் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். நான் வாசலுக்குப் போய் வரவேற்று, முன் அறையில் உட்காரவைத்தேன். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. "புடவை மாத்தறாளாட்ட இருக்குதுங்க, சித்த இருங்க" என்று சொல்லிவிட்டு, பேச்சு அறுந்துபோகக் கூடாதே என்று ஸ்க்ரூவை எடுத்தேன்.

அவள் புடவைதான் மாற்றினாள். பெல்ட்டைக் கழற்றிவிட்டு மாற்றினாள். நெஞ்சிலிருந்து இடுப்புவரை இறுக்கிப் பிடிக்கிற அந்தப் பெல்ட்டோடு சம்பந்திக்கு முன்னால் வர அவளுக்கு வெட்கமாக இருந்திருக்கிறது. பிறகு பின்பக்கமாக அடுக்களைக்குப் போயிருக்கிறாள். முதல் தடவையாகச் சம்பந்தி வீட்டார் நோவு கேட்க வந்திருக்கிறார்கள். தண்ணீர்கூடக் கொடுக்காமல் எப்படி? மேடையில் இருந்தது கேன் தண்ணீர். வந்தவர்களுக்கு ருசிக்குப் பேர்போன சிறுவாணித் தண்ணீர்தான் கொடுக்க வேண்டும் என்பது அவள் வைராக்கியம். அது கீழே குடத்தில் இருந்தது. நிறை குடம். குனிந்து தூக்கியிருக்கிறாள்.

முன் அறையில் நான், "லாரி ஏறினாலும்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது குடம் விழுகிற சத்தம் கேட்டது.

ஓடிப் போனேன். தண்ணீர் நடுவே உட்கார்ந்திருந்தாள். முதுகை அடுக்களை மேடையில் சாய்த்து, கையிரண்டையும் தரையில் ஊன்றியிருந்தாள். சம்பந்தியம்மா எனக்குப் பின்னால் வந்து நின்றதைப் பார்த்துவிட்டு, "வாங்க சம்பந்தி" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

எலும்பு உதிர்ந்து ஸ்க்ரூ பிடி விட்டிருந்தது. மறுபடி ஆபரேஷன். பழைய ஸ்க்ரூக்களை எடுத்துவிட்டு, இன்னும் மேலேயும் கீழேயும் போய்ப் பெரிதாகப் போட்டார்கள். ஆனால் எலும்பு சரிந்ததில் நரம்பு நசுங்கி நேரமாகிவிட்டது. இடுப்புக்குக் கீழே எதுவும் திரும்பவில்லை.

டாக்டர் கோபக்காரர் இல்லை. ஆனாலும் அன்று அவர் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "ஏம்மா, பெல்ட் இல்லாம எந்திரிக்கலாம், குடம் தூக்கலாம்னு உங்களுக்கு யாரு சொன்னாங்க?" என்று கேட்டார். ஃபைலைக் கையில் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன்.

"யாரும் சொல்லலைங்க. நானாத்தான் எந்திரிச்சேன்" என்றாள். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு மைக்ரான் பிசகினால் ஊரைக் கூட்டுகிறவன், அங்கே நின்று ஃபைலின் ஓரத்தை நகத்தால் நெரடிக்கொண்டிருந்தேன்.

எடுத்த ஸ்க்ரூக்களைக் கழுவி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். மறுநாள் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் பட்டறையில் அதை அளந்தேன். எட்டு ஸ்க்ரூ, இரண்டு கம்பி. தலையில் பொறித்திருந்த நம்பரைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். எங்கள் கம்பெனி இல்லை. அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவுக்காக என்னையே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. ஒவ்வொன்றாக அளந்தேன். வளைவு இல்லை, தேய்மானம் இல்லை, மரை ஒன்றுகூட மழுங்கவில்லை. எங்கள் லாட்டில் வந்திருந்தால் எட்டுக்கும் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஸ்க்ரூவைப் பற்றி நான் சொன்னது அத்தனையும் சரி. அதை நம்பித்தான் அவள் எழுந்தாள்.

அதற்குப் பிறகு பேச்சு வேறு பக்கம் திரும்பியது. "சம்பந்தி ஊட்டார் சொல்லாம கொள்ளாம காலங்காத்தால வந்ததுதான் வெனை" என்று எங்கள் சொந்தத்தில் ஒருவர் ஆரம்பித்தார். நாலு வாய் மாறி அது அவிநாசிக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். மகள் தனியாக வந்து, அம்மாவைக் குளிப்பாட்டிவிட்டு, இரண்டு பக்கமும் எதுவும் பேச முடியாமல் பஸ் ஏறிப் போவாள். ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் எல்லாம் தீர்ந்திருக்கும். அந்த ஒரு வார்த்தையை எட்டு மாதம் சொல்லவில்லை.

இப்போது சக்கர நாற்காலியில் அவளை முன் அறையில் உட்காரவைப்பேன். வாசல் தெரிகிற இடம் அவளுக்கு வேண்டும். நான் வேலைக்குப் புறப்படும் முன் பெட்டில் படுக்கவைத்து, முதுகில் புண் வராமல் இருக்கத் திருப்பிவிட்டுப் போவேன். மத்தியானம் பக்கத்து வீட்டம்மா வந்து ஒருமுறை திருப்பிவிடுவார். யார் வந்தாலும் இரண்டு கையையும் கூப்பி, "எந்திரிக்க முடியலைங்க" என்கிறாள். அது தெரியாதவர் யார் இருக்கிறார்கள். இருந்தாலும் சொல்கிறாள். நான் வீட்டில் இருந்தால் அவளுக்குப் பதிலாக எழுந்து நிற்கிறேன். குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு கொடுப்பதும் நான்தான்.

போன மாதம் சம்பந்தியம்மா வந்தார். மகள்தான் எப்படியோ பேசிக் கூட்டி வந்திருந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் பிடித்துக்கொண்டிருந்தார். நான் அடுக்களைக்குப் போனேன். அவர் அழுகிற சத்தம் அங்கே கேட்டது.

"அன்னைக்கு நாங்க வராம இருந்திருந்தா நீங்க இந்நேரம் நடந்துட்டு இருப்பீங்க. எனக்குச் சோறு எறங்கறதில்லைங்க."

"அய்ய, நீங்க என்னங்க பண்ணுவீங்க. நானாத்தானுங்க எந்திரிச்சேன். என் நேரம்" என்றாள் என் மனைவி. டாக்டரிடம் சொன்ன அதே குரல்.

சொம்பில் தண்ணீரோடு வெளியே வந்தேன். கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். எட்டு மாதமாக அப்படித்தானே இருந்தேன். அந்த அம்மா முகத்தைப் பார்த்தபோது அது முடியவில்லை.

"இல்லீங்க" என்றேன். "உங்க மேலயும் தப்பில்லை, அவ மேலயும் தப்பில்லை. லாரி ஏறினாலும் ஒண்ணும் ஆகாதுன்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் நான்தான் சொல்லிட்டு இருந்தேன். டாக்டர் எலும்பு தாங்காதுன்னு சொன்னாரு. அதை நான் இவகிட்டச் சொல்லவே இல்லை. ஸ்க்ரூவைப் பத்தி மட்டும்தான் சொன்னேன். என் பேச்சை நம்பித்தானுங்க எந்திரிச்சா."

மகள் என்னையே பார்த்தாள். சம்பந்தியம்மா முந்தானையை வாயில் வைத்தபடி நிமிரவில்லை. சொம்பு என் கையிலேயே இருந்தது. அது சாய்ந்து தண்ணீர் கொஞ்சம் தரையில் சிந்தியது.

என் மனைவி அந்த ஈரத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கு இது எதுவும் புதிதில்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

"ஏனுங்க, மொதல்ல தண்ணியக் குடுங்க" என்றாள். "அவங்க வந்து எத்தனை நேரமாச்சு."