மஞ்சள் தடவிய ராஜினாமா

ஏற்காடு ஏரிக்குப் பக்கத்தில் பன்னிரண்டு அறைகள் கொண்ட ஒரு லாட்ஜில் ஆறு வருடம் ரிசப்ஷனில் இருந்தேன். சேலத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை கிடைத்ததும் ராஜினாமா எழுத உட்கார்ந்தேன். போனில் தேடினால் மாதிரிக் கடிதங்கள் கொட்டிக் கிடந்தன. எல்லாவற்றிலும் நன்றி வழிந்தது. வழிசல் குறைவான ஒன்றைப் பார்த்து எழுதிக்கொண்டேன். ஒரு மாதம் முன்பே கொடு, நேரில் கொடு, குறை சொல்லாதே என்று கூடவே மூன்று அறிவுரைகள். மூன்றையும் அப்படியே கடைப்பிடித்தேன்.

நாலாவதாக ஒன்றை அம்மா செய்துவிட்டாள். நல்ல காரியத்துக்குப் போகிற காகிதம் மொட்டையாகப் போகக் கூடாதாம். எங்கள் ஊர் நாகலூரில் நான் பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில், உறையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் கையில் திணித்தாள்.

முதலாளியை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும். கீழே அவருடைய மளிகைக் கடை, மேலே லாட்ஜ். பாதி நாள் மாடிப்படியில்தான் இருப்பார். அன்றும் படியில் நின்று போனில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தார். உறையை நீட்டினேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார்.

"அடுத்த மாசக் கடைசிங்க, பாய்," என்றேன்.

"நொம்ப சந்தோசம் கண்ணு! நல்லா இரு!"

எனக்குச் சுருக்கென்றது. ஆறு வருடம் உழைத்தவள் போகிறேன் என்கிறேன், இவருக்கு இத்தனை சந்தோஷமா? ஒரு பேச்சுக்காவது இரு என்று சொல்லக் கூடாதா? அந்த மாதம் முழுக்க உர்ரென்று வேலை பார்த்தேன். அவரோ என்னைப் பார்க்கும்போதெல்லாம் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். என் கோபம் இன்னும் ஏறியது.

கடைசி வெள்ளிக்கிழமை வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தேன். திங்கட்கிழமை ரிலீவிங் லெட்டரோடு வராவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று பள்ளிக்கூடத்தில் கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

"ஏனுங்க பாய், லெட்டர் ரெடிங்களா?"

"என்ன லெட்டரு? லீவு எத்தனை நாளு வேணும்னு சொல்லு. மாப்பிள்ளை எந்த ஊரு?"

மேசை இழுப்பறையைத் திறந்தார். கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவில் என் உறை பிரிக்காமல் கிடந்தது. அதன் மேல் பளபளவென்று காகிதம் சுற்றிய ஒரு சுவர்க் கடிகாரம். எனக்குத்தான்.

உறையைப் பிரித்துப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். சிரிப்பு போய்விட்டது.

"வேற ஆளே பாக்கலியே கண்ணு. சீசன் வந்துருச்சே."

அவமானத்தில் அழுதுவிட்டேன். ஒரு மாதம் அவரைத் திட்டிக்கொண்டே திரிந்த வாயால், கல்யாணம் இல்லை, மஞ்சள் அம்மா தடவியது என்று சொன்னேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதினேன். ஏழாம் அறை கீசரை இரண்டு தரம் போட்டு அணைத்தால்தான் வெந்நீர் வரும் என்பது வரைக்கும். கடையில் இருந்த அவருடைய மருமகளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பழக்கினேன். என்னைவிடக் கெட்டிக்காரி. அதில் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

ஞாயிறு சாயங்காலம் பாய் லெட்டரில் கையெழுத்துப் போட்டு உறையில் வைத்தார். விறுவிறுவென்று கீழே கடைக்கு இறங்கிப் போனார். திரும்பி வந்தபோது உறையின் நாலு மூலையிலும் மஞ்சள்.

"உங்கம்மா தடவுனது பலிச்சுதில்ல? இதையும் அப்படியே கொண்டு போ," என்று கடிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்தார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் உறையை நீட்டினேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மேடம் அதைப் பிரிக்காமலே ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்து சிரித்தார்.

"யாருக்குங்க கல்யாணம்?"

"பிரிச்சுப் பாத்துருங்க மேடம்," என்றேன். இந்தத் தடவை அவர் பிரிக்கும் வரைக்கும் மேசையை விட்டு நகரவில்லை.