சர்வர் ரூமில் மட்டும் ஓடிய சர்வர்

திங்கட்கிழமை காலை பையைக் கீழே வைக்கவில்லை, டிஸ்பாட்ச் செக்‌ஷனிலிருந்து போன்.

"மேடம், சலான் ஸ்க்ரீனே வரல. கேட்ல நாலு லாரி நிக்குது!"

மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை அது. நான் சிஸ்டம் அட்மின். இரண்டாயிரத்து ஏழோ எட்டோ. கம்ப்யூட்டரில் சலான் அடிக்காமல் ஒரு போல்ட்கூட கேட்டைத் தாண்டாது.

அந்த ப்ரோகிராம் ஓடும் ஜாவா அப்ளிகேஷன் சர்வரை முந்தின நாள்தான் புது வெர்ஷனுக்கு மாற்றியிருந்தோம். மாற்றியவர் வெளி கம்பெனி கன்சல்டன்ட் ரமேஷ். சர்வர் ரூமுக்கு ஓடினேன். சர்வரின் மானிட்டரிலேயே அவர் ப்ரௌசரைத் திறந்து காட்டினார். சலான் ஸ்க்ரீன் பளிச்சென்று வந்தது.

"பாருங்க மேடம், பர்ஃபெக்டா இருக்கு. உங்க நெட்வொர்க்லதான் ப்ராப்ளம். சனிக்கிழமை உங்க செல்வம் டிஸ்பாட்ச்ல கேபிள் இழுத்தாராமே?"

செல்வம் அனகாபுத்தூர்க்காரர். கேபிள் வேலைக்குக் கான்ட்ராக்டில் வந்தவர். பின்னாலேயே வந்து நின்ற என் மேனேஜர் அதை உடனே பிடித்துக்கொண்டார்.

"நூர்ஜஹான், கேபிள் ஃபால்ட்னு ரிப்போர்ட் குடுத்துடுங்க. செல்வத்தை மாத்திடலாம்."

மாற்றுவது என்றால் நாளையிலிருந்து வராதே என்று அர்த்தம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பார்க்காம எழுத மாட்டேன் சார்."

"ஆர்க்யூ பண்ற நேரமா இது?"

"பார்க்கிற நேரம் சார்."

செல்வம் வாசலிலேயே நின்றிருந்தார். "அக்கா, லைன் நல்லாத்தான் கீது. சர்வருக்கு பிங் அடிச்சா பதில் வந்துகினுதான் கீது. ஸ்டோர்ஸ்லயும் அந்த ஸ்க்ரீன் வரலையாம். அங்க நான் கையே வெக்கல."

அது போதும் எனக்கு. ரமேஷை எழுப்பிவிட்டு உட்கார்ந்து, எந்த ப்ரோகிராம் எந்த முகவரியில் காத்திருக்கிறது என்று காட்டும் நெட்ஸ்டாட் கமாண்டை அடித்தேன். சலான் ப்ரோகிராமின் வாசலான போர்ட்டுக்கு எதிரே 127.0.0.1 என்றிருந்தது. ஒரு மெஷின் தன்னோடு தானே பேசிக்கொள்ளும் முகவரி அது. பழைய வெர்ஷன் ஸ்டார்ட் ஆகும்போதே எல்லா முகவரியிலும் கதவைத் திறந்துவிடும். புதியது, பாதுகாப்புக்காக, நாம் சொன்னால்தான் வெளியே திறக்கும். லாகில் ஒரு எரர்கூட இல்லை. புது வெர்ஷனோடு வந்த ரிலீஸ் நோட்ஸில் மட்டும் சர்வரைத் தயாரித்த கம்பெனி தெளிவாகப் போட்டிருந்தது.

"இதைப் படிச்சீங்களா ரமேஷ்?"

"அதெல்லாம் யாரு மேடம் முழுசா படிப்பாங்க?"

ஸ்டார்ட் கமாண்டில் 0.0.0.0, அதாவது எல்லா முகவரியும், என்று சேர்த்து சர்வரை மறுபடி கிளப்பினேன். ஐந்து நிமிடத்தில் டிஸ்பாட்ச் பிரிண்டர் ஓடியது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஞாயிறன்று நானும் ரமேஷின் பின்னால் நின்று, அதே மானிட்டரில் பார்த்துத்தான் ஓகே சொன்னேன். சர்வர் ரூம் ஏசியில் இருந்தபடியே டெஸ்டிங்கை முடிப்பது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். ரிப்போர்ட்டில் ரமேஷ் பெயரையும் என் பெயரையும் எழுதினேன்.

மேனேஜர் நெளிந்தார். "பேரெல்லாம் எதுக்கு? டெக்னிக்கல் இஷ்யூன்னு போட்டுடுங்களேன்."

"செல்வம் பேரை மட்டும் எழுதலாம்னா எங்க பேரையும் எழுதலாம் சார்."

இப்போது இந்த வேலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: ஸ்க்ரீன் வரவில்லை என்கிறவரின் நாற்காலியில் போய் உட்கார்ந்து பாருங்கள். அதுவரை யார் பெயரையும் எழுதாதீர்கள், தலைக்கு மேலே யார் நின்றாலும் சரி.

அந்த வருட அப்ரைசலில் என்னை 'ஒத்துப்போகாதவர்' என்று எழுதினார்கள். எழுதிக்கொள்ளட்டும். செவ்வாய்க்கிழமை காலை செல்வம் வேலைக்கு வந்தார்.