கிராஃபிக்ஸ் கார்டுக்கு ராகு காலம்

கம்ப்யூட்டரைத் திறந்து, திரையில் படம் காட்டும் புது கிராஃபிக்ஸ் கார்டு மாட்டுவது சுலபம். அதைக் கொண்டுவந்தவரிடம் பேசுவதுதான் வேலை. கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று கால் வலித்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் எட்டாவது வரை படித்தவள். குடிவந்த வெளிநாட்டு ஊரான ஹென்டர்சனில் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணாவின் கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்தேன், வேலையைப் பார்த்துவிட்டு வைத்துக்கொள்கிறேன் என்று அவர் சொன்ன பேச்சில். மகளை டேகேரில் விட்டுவிட்டு நடந்தே போகலாம். இப்படி ஒரு வேலை மறுபடி அமையாது. அண்ணா சொல்லிக்கொடுத்ததில் கை பழகிவிட்டது. வாய்தான் பழகவில்லை. ஆள் வந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். "தங்கச்சி, சனத்தோடை கதைக்கவேணும். இல்லாட்டி மாசக் கடைசி வெள்ளியோடை சரி" என்று சொல்லிவிட்டார்.

மூடாத மூடி

பக்கத்து ரானுயியிலிருந்து ஒரு மலேசியத் தமிழர் வந்தார். கல்யாண வீடியோ எடிட் செய்பவர். அவர் வாங்கிவந்த கார்டு செங்கல் மாதிரி தடியாக இருந்தது. கம்ப்யூட்டரோ ஒல்லிப் பெட்டி. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அடங்காது. அதைச் சொல்லத் தைரியம் வராமல், சாய்த்துப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன், எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். அவராகவே புரிந்துகொள்வார் என்று நினைத்தால், அவரும் ஆசையாகப் பிடித்துக்கொடுத்தார்.

ஒருவழியாகக் கார்டு மாட்டிக்கொண்டது. பாதி உள்ளே, பாதி வெளியே. மூடி மூடவில்லை. அவர் மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு நிம்மதியாகச் சொன்னார்: "எங்க வீட்டு சோபாவும் இப்படித்தான் லா, கதவைக் கழட்டிட்டுதான் உள்ள விட்டோம். கதவ இன்னும் மாட்டல."

இரண்டு ஊர் நேரம்

ஒரு திங்கட்கிழமை, சென்னைக்காரர் ஒருவர் காலையில் ராகு காலம் முடியும்வரை காரிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். ஐடி வேலை. அவருக்கு முன்னால் இரண்டு பேருடைய வேலை இருந்ததால் அவருடைய பெட்டியைத் திறக்க மதியமாகிவிட்டது. ஸ்க்ரூவைக் கழற்றிக் கார்டைக் கையில் எடுத்தேன். "நிறுத்துங்க" என்றார். கார்டு வாங்கிக்கொடுத்தது சென்னையில் இருக்கும் மாமனாராம். சென்னையில் இப்போதுதான் காலை ஏழரை, அந்த ஊர்க் கணக்குப்படி ராகு காலம் இனிதான் ஆரம்பிக்கிறதாம்.

கார்டைக் கீழே வைத்தேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சென்னையிலும் முடிந்ததும் மறுபடி கார்டை எடுத்தேன். அவர் அட்டைப்பெட்டியின் அடியைத் திருப்பிப் படித்துவிட்டு என்னைக் கேட்டார்: "இது தைவான்ல செஞ்சதும்மா. அவங்க ஊர் ராகு காலம் எப்போன்னு உங்களுக்குத் தெரியுமா?"

மகளின் படிப்பு

யாழ்ப்பாணத்துக் கணவனும் மனைவியும் தள்ளுவண்டியோடு வந்தார்கள். கணவர் இருப்பதிலேயே பெரிய கார்டைக் காட்டி, "பிள்ளையின்ரை படிப்புக்கு" என்றார். பிள்ளை வண்டியில் உட்கார்ந்து பிஸ்கட் நக்கிக்கொண்டிருந்தது. வாயில் நாலு பல்.

மனைவி என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, இது இல்லாட்டி இவளுக்கு அ, ஆ எழுத வராதோ?" அவருக்குப் பின்னால் கணவர் என்னைப் பார்த்து, ஆமாம் என்று சொல்லச் சொல்லித் தலையை ஆட்டி ஆட்டிக் கெஞ்சினார். நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு தரையைப் பார்த்தேன். மனைவி வண்டியைத் திருப்பினார்: "நீங்கள் வாய் திறக்காமல் நிக்கிறதே எனக்கு மறுமொழி. வாங்கோப்பா, போவம்."

கடைசி வெள்ளி

அந்த வியாபாரம் தள்ளுவண்டியோடு வெளியே போனதை அண்ணா உள்ளேயிருந்து பார்த்துவிட்டார். மறுநாள்தான் அவர் சொன்ன வெள்ளிக்கிழமை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து என் பக்கத்திலேயே நின்றார்.

தூரத்துத் தகனினியிலிருந்து ஒரு கோயம்புத்தூர்த் தம்பதி வந்தார்கள். மூன்று விசிறி வைத்த கார்டு. மாட்டி முடித்தேன். "ஒரு நிமிஷங்க" என்று அந்த அக்கா கைப்பையிலிருந்து குங்கும டப்பாவை எடுத்தார். சந்தனம் மறந்துவிட்டதாம். புதுக் கார் சக்கரத்துக்கு வைப்பதுபோல, மூன்று விசிறிக்கும் வெறும் குங்குமத்தைக் குவியலாக வைத்தார். தடுப்பார் என்று அண்ணாவைப் பார்த்தால், அவர் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். "வேண்டாங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

அக்காவின் வீட்டுக்காரருடைய விரல் சுவிட்சுக்குப் போயிற்று. இது பாழானால் என் கடைசி நாளில் நான் செய்த கடைசி வேலை இதுதான். "சுவிட்சைப் போடாதீங்க" என்று கத்தினேன். என் குரலை யாரும் கேட்டதில்லை அல்லவா, யாரோ புதிதாக வந்துவிட்டதாக மூன்று பேரும் வாசலைப் பார்த்தார்கள். வாசலைப் பார்த்தபடியே அவர் சுவிட்சைப் போட்டார்.

விசிறி சுற்றியது. அண்ணாவின் முகம், சட்டை, வரிசையாக வைத்திருந்த கீபோர்டுகள், பார்சலோடு உள்ளே நுழைந்த கூரியர்காரர், எல்லாம் சிவப்பு. "பாத்தீங்களா, கார்டுக்கு அருள் வந்துருச்சு" என்றார் அக்கா.

திறந்த வாய் அதற்குப்பிறகு மூடவில்லை. "அண்ணா, ப்ளக்கைப் பிடுங்குங்க. அக்கா, டப்பாவை மூடுங்க. ஏங்க, கையை எடுங்க, தள்ளி நில்லுங்க." எல்லோரும் தள்ளி நின்றார்கள். கார்டைக் கழற்றி, பிரஷ்ஷால் துடைத்து, ஊதி, மறுபடி மாட்டினேன். திரையில் படம் வந்தது. அண்ணா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "திங்கட்கிழமை வாங்கோ தங்கச்சி. ஆனால் கொஞ்சம் மெதுவாய்க் கதையுங்கோ."

ஆகவே, வாய் திறக்கப் பயந்துகொண்டு கவுன்ட்டரில் நிற்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, தாராள மனசோடு குங்குமம் வைக்கிற ஒரு கஸ்டமர் வரும்வரை பொறுத்திருங்கள் என்பதுதான்.