தட்டு மாத்தியாச்சு

போனில் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருக்கும் என் மகள் திடீரென்று தமிழுக்குத் தாவினால் எனக்குக் காது நீண்டுவிடும். இந்த வெளிநாட்டில், காப்பெல் ஊரில் அவள் வீட்டுக்கு வந்ததிலிருந்தே அப்படித்தான். அன்று நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் நின்று கிசுகிசுத்தாள்: "தட்டு மாத்தியாச்சுன்னு யார்கிட்டயும் சொல்லாத. மண்டே நானே சொல்லிக்கறேன்."

நறுக்குவதை நிறுத்தினேன். பெற்றவளுக்குத் தெரியாமல் நிச்சயதார்த்தமா? விரலைப் பார்த்தேன், மோதிரம் இல்லை. கழற்றி ஒளித்திருப்பாள். துணி மடிக்கிற சாக்கில் அலமாரியில் புதுப்புடவை தேடினேன். ஜீன்ஸ்தான் இருந்தது. அத்தனை ஜீன்ஸ் எதற்கு என்று அதன் மேலும் சந்தேகம் வந்தது.

சாப்பாட்டின்போது கேட்டேவிட்டேன். "யாரோட தட்டு மாத்தின?"

முதலில் விழித்தாள். பிறகு புரையேறச் சிரித்தாள். "ஐயோ அம்மா, அது லேப்ல இருக்கற தட்டு! கூட வேலை பண்ற மதுரைக்காரன்கிட்ட பேசினேன். அவன் பக்கத்துல மேனேஜர் இருந்தார், அதான் தமிழ்ல."

நம்புவேனா? "காட்டு" என்றேன்.

சனிக்கிழமை கூட்டிப்போனாள். கண்ணாடி பதித்த நீளப்பெட்டி; நடுவே அவள் சொன்ன தட்டு, மெல்லிய உலோகத் தகடு, அதன் இரண்டு பக்கமும் தண்ணீர் ஓடியது. மெதுவாக ஓடும்வரை தகடு சமர்த்தாக நின்றது. பம்ப்பைக் கூட்டியதும் நடுங்கியது, அப்புறம் படபடவென்று அடித்துக்கொண்டது. தண்ணீரென்னவோ சீராகத்தான் போனது.

"யாரு ஆட்டறா?" என்றேன்.

"யாரும் இல்லம்மா. அது துளி வளைஞ்சா தண்ணி போற வழி மாறும். அந்தத் தண்ணி அத இன்னும் வளைக்கும். ஒரு ஸ்பீடுக்கு மேல போனா தாங்காது. பழைய தட்டு அப்படித்தான் கிராக் விட்டுடுச்சு."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. "உங்கம்மா ஒரு பைத்தியம்டி" என்று நானே சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. பம்ப்பை ஆஃப் பண்ணினாள். தகட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "ஆனா அந்த மதுரைக்காரன் கேட்டான்மா. கல்யாணம் பண்ணிக்கலாமான்னு. நான்தான் இன்னும் பதில் சொல்லல. உன்கிட்ட சொன்னா, நீ மொதல்ல என்ன கேப்பேன்னு எனக்குத் தெரியும்."

அவள் கண் கலங்கியிருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. நாளைக்கு அவனைச் சாப்பிட வரச்சொல் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அவங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டுவிட்டேன்.