வெண்தூளில் பதிந்த நடை

அந்த நிலவறைக்குள் நான் முதன்முதலாக நுழைந்த காலையில், மேசை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு பாதம் கிடந்தது. சுளகளவு பெரிது. தடித்த மூன்று விரல்கள், அமுங்கிய குதி. வெள்ளைப் பிளாஸ்டரில் வார்த்தது என்று தெரிவதற்குள் நான் துடைப்பத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலுக்குப் பின்வாங்கியிருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் குந்தியிருந்த பெண்மணி எழுந்து, "பயப்படாதீர்கள், இது போய்ப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது" என்றார். அவர்தான் பேராசிரியை. அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் எனக்குள் அவர் என்றைக்கும் பேராசிரியைதான்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படித்த நான், லண்டனில் ஒரு கல்லூரியின் பாறை ஆராய்ச்சிக் கட்டடத்தைக் காலை ஷிப்டில் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தேன். ஃபாரஸ்ட் கேட் பகுதியில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். கணவர் பெற்றோல் நிலையத்து இரவு வேலை முடிந்து வந்து, மகள் எழும்பும்வரை அவளருகில் படுத்திருப்பார். நான் கதவைச் சாத்திவிட்டு முதல் பஸ்ஸைப் பிடிப்பேன். நாள் முழுவதும் என்னோடு ஆறுதலாக நாலு வார்த்தை பேசுகிற ஆட்கள் இருவரே: மேல்மாடியைத் துடைக்கும் எங்களூர் அக்கா ஒருவர், மற்றவர் பேராசிரியை. அவருக்கோ என்னை விட்டால் அந்த நேரத்தில் யாரும் இல்லை. ஐம்பது வயதைக் கடந்தவர், தனியாள். விடியுமுன்னே வந்துவிடுவார்.

ஒவ்வொரு கோடையிலும் அவர் நோர்வேக்கும் வடக்கே, வட துருவத்தை அண்டிய தீவுகளுக்குப் போவார். அங்கே கடலோரப் பாறைகளில் பழங்கால விலங்குகளின் காலடிகள் கல்லாக உறைந்திருந்தன. அவற்றின்மேல் இரப்பர் பாலைப் பூசி, உரித்தெடுத்து, சுருட்டிக்கொண்டு வந்து குளிர்காலம் முழுக்க வார்ப்பார். அந்தக் காலத்தில் அங்கே பனிக்கட்டி இல்லை, காடு இருந்தது என்றார். ஆனால் குளிர்காலத்தில் சூரியன் வராத இருட்டு அப்போதும் இருந்ததாம். இருட்டில் பாதை எப்படித் தெரிந்திருக்கும் என்று கேட்டேன். "தெரிந்திருக்காது. என்றாலும் நடந்திருக்கின்றன" என்றார். அன்று பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் அது என் கூடவே வந்தது.

அந்தக் காலடிகளில் ஒரு விலங்கின் வரிசையை அவர் அதிகம் விரும்பினார். ஓர் எட்டு நீளம், அடுத்த எட்டு குட்டை, மறுபடி நீளம், மறுபடி குட்டை. அது நொண்டியிருக்கிறது. "எலும்பைப் பார்த்தால் செத்த உடம்புதான் தெரியும். இதைப் பார்த்தால் வலி தெரிகிறது" என்பார்.

ஒரு கோடையின் தொடக்கத்தில், அவர் புறப்படும் காலை. முதல்நாள் முழுக்க வார்ப்புகளைத் தேய்த்திருந்ததால் நிலமெங்கும் கோதுமை மா கொட்டினாற்போல வெண்தூள். முதுகில் பெரிய பையோடு வாசலில் நின்றவரிடம், எங்கள் வழக்கப்படி, "போய் வாருங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். சிரித்துவிட்டுப் போனார். துடைப்பத்தை எடுத்தேன், கை வரவில்லை. பயணம் போனவர் சேர்ந்துவிட்டார் என்று அறியுமுன் அவர் போன இடத்தைக் கூட்டுவதில்லை என்பது எங்கள் வீட்டு முறை. பிணம் எடுத்த வீட்டைத்தான் உடனே கூட்டுவார்கள். ஆனால் பேராசிரியை போய்ச் சேர்ந்த செய்தியைத் துப்புரவு செய்பவளிடம் யார் வந்து சொல்லப் போகிறார்கள்? நானும் யாரிடம் போய்க் கேட்பது? ஒரு நாள் ஒரு வாரமானது. கோடை முழுவதும் அப்படியே போயிற்று. வாசலோடு நின்று எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைப் பூட்டுவேன்.

அக்கா கண்டுபிடித்துவிட்டார். "என்ன தங்கச்சி, வெள்ளைக்காரிக்கும் நேத்திக்கடன் வைச்சிருக்கிறீரோ?"

"இல்லையக்கா, மனம் கேக்குதில்லை."

"சூப்பர்வைசர் கண்டானெண்டால் தூளோட சேர்த்து உம்மையும் அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டுவான். பிறகு நான் உமக்காகவும் கூட்டாமல் இருக்கவேணும்."

இலையுதிர் காலத்தில் பேராசிரியை திரும்பி வந்தார். அவரைக் கண்டதும் ஆறுதலாக இருந்தது. கூடவே வெட்கமும் பிடுங்கியது. மன்னிப்புக் கேட்டபடி துடைப்பத்தோடு ஓடினேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

கதவிலிருந்து மேசைக்கும், மேசையிலிருந்து கதவுக்கும் அவருடைய சப்பாத்துத் தடங்கள் தூளில் தெளிவாகக் கிடந்தன. "என் தடங்களைப் பாதுகாத்து வைத்திருக்கிறீர்கள்!" என்று சிறுபிள்ளைபோலச் சிரித்தார். அளவுநாடாவை எடுத்து முழந்தாளிட்டு, விளையாட்டாக அளக்கத் தொடங்கினார். அளந்துகொண்டே போனவரின் சிரிப்பு நடுவில் நின்றுவிட்டது. நீளம், குட்டை, நீளம், குட்டை. இடது சப்பாத்தின் நுனி ஒவ்வோர் எட்டிலும் தூளைக் கீறியிருந்தது. முதலிலிருந்து இன்னொருமுறை அளந்தார். பிறகு, ஒரு மாணவிக்குப் பாடம் சொல்வதுபோல அமைதியாக, "இந்த விலங்குக்கு இடுப்பில் ஏதோ இருக்கிறது" என்றார்.

வலி இருந்திருக்கிறது. வயது, குளிர், பாரமான பை என்று ஒதுக்கியிருக்கிறார். மருத்துவமனையில் இடுப்பு எலும்பில் கட்டி என்றார்கள். மாரிக் குளிர் முடிவதற்குள் கைத்தடி வந்தது. வடக்கே இனிப் போக ஏலாது என்று அவருக்குத் தெரிந்த நாளில் தம் பொருட்களை எடுக்க வந்தார். ஏன் அன்று கூட்டவில்லை என்று அப்போதுதான் கேட்டார். சொன்னேன். பிணம் எடுத்த வீட்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. "அப்படியானால் இன்றைக்கு?" என்றார். "இன்றைக்கும் கூட்டமாட்டேன்" என்றேன். தலையசைத்துவிட்டு, தடியை ஊன்றி, படிகளில் மெதுவாக ஏறிப் போனார். நான் சொன்னபடியே இருந்தேன். சில நாட்களில் வேறு யாரோ கூட்டினார்கள். அடுத்த கோடையில் அவர் உயிரோடு இல்லை என்பதை அக்காதான் வந்து சொன்னார்.

அதன் பிறகு என் கண்கள் தரைக்கே போய்விட்டன. யார் நடந்தாலும் எட்டுகளைப் பார்ப்பேன். மகள் பள்ளிக்குப் போகும்போதும், படியேறும்போதும், கோயில் வீதியைச் சுற்றும்போதும் பார்த்துக்கொண்டே பின்னால் போவேன். "அம்மா, ப்ளீஸ்! ஐ ஆம் ஃபைன். என்ர காலைப் பாக்கிறதை விடுங்கோ" என்பாள். தகப்பன் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

தொண்ணூறுகளும் முடியப் போகின்றன. இப்போது ரெய்னர்ஸ் லேனில் எங்களுக்கென்று ஒரு வீடு இருக்கிறது. இன்று காலை மகள் ஸ்கொட்லாந்தில் கிடைத்த வேலைக்குப் புறப்பட்டாள். வாசலில் என்னைக் கட்டிப்பிடித்தாள், "வாறன் அம்மா" என்றாள். கதவைச் சாத்திவிட்டு உள்ளே நின்றேன்.

கொஞ்சம் கழித்துக் கதவைத் திறந்தால், முன்பாதையில் உறைபனி வெள்ளையாகப் படர்ந்திருந்தது. அதில் அவள் போன தடம். கணவர் பனி கரைக்கிற உப்புப் பையோடு வந்தார்.

"ஆரும் வழுக்கி விழப் போகினம். உப்புப் போடட்டே?"

"கொஞ்சம் பொறுங்கோ."

செருப்போடு இறங்கிக் குனிந்து பார்த்தேன். இடது, வலது, இடது, வலது. எதுவும் கீறியிருக்கவில்லை, இரண்டு கால்களும் ஒரே மாதிரி ஊன்றியிருந்தன. பெருமூச்சு வந்தது. பிறகுதான் மற்றதைக் கண்டேன். கதவடியில் எட்டுகள் சிறியவை, நெருக்கமானவை. பாதையின் நடுவில் அவை நீளத் தொடங்கியிருந்தன. தெருக் கேற்றை நெருங்க நெருங்க இன்னும் நீண்டு, கடைசி இரண்டில் குதியே பதியவில்லை.

அவள் ஓடியிருக்கிறாள்.

"என்னப்பா, பிள்ளைக்குக் காலிலை ஏதுமோ?" என்று கணவர் பதறினார்.

"ஒண்டுமில்லை," என்றேன். "நல்லாத்தான் நடந்திருக்கிறாள். நீங்கள் போடுங்கோ."