பொட்டு வைத்த ஆட்டக்காரன்

இந்த இத்தாலிய ஊரில் பஸ் சாரதியின் கண்ணாடியோரத்தில், மீன் கடைத் தராசுக்குப் பின்னால், பெண்களின் கைப்பைக்குள் சில்லறையோடு சில்லறையாக, உள்ளங்கையளவில் ஒரு புனிதரின் படம் இருக்கும். சந்தீனோ என்பார்கள். வந்த புதிதில் ஒருவர் அதை என்னிடம் நீட்ட, விசிட்டிங் கார்ட் என்று நினைத்து வேலை கேட்டிருக்கிறேன். போன வாரம் அதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. லிபெர்த்தா வீதியில் நான் வேலை செய்யும் வீட்டின் சிஞ்ஞோரா, என் சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையோடு விழுந்த ஒரு படத்தை எடுத்துப் பார்த்தார். தொப்பி போட்ட இளைஞன், தோளில் மட்டை, நெற்றியில் சந்தனமும் குங்குமமும். "இவர் எந்தப் புனிதர்?" என்று கேட்டார். பேஸ்போல் விளையாடுகிறவர் என்று என் அரைகுறை இத்தாலியத்தில் சொன்னேன். "ஐயோ, இந்த வயதிலேயே செத்துவிட்டாரா?" என்று உறையின் மேல் ஒரு முத்தம் கொடுத்துத் திருப்பித் தந்தார். மறுத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பொடியன் உயிரோடு, நல்ல சுகமாகத்தான் இருக்கிறான். டொமினிக்கன் நாட்டுக்காரன். அமெரிக்காவில் சின்ன அணியொன்றில் விளையாடிக்கொண்டிருந்தான். அவனுடைய கையெழுத்துப் போட்ட அந்தப் படக் கார்டை எனக்கு அனுப்பியவன் டொரொன்டோவில் இருக்கும் என் தம்பி. மாமரம் பூத்தவுடனேயே வந்து குத்தகை பேசுகிற வியாபாரிகளை யாழ்ப்பாணத்தில் பார்த்திருப்பீர்கள். தம்பி செய்வதும் அதேதான். யாரென்றே தெரியாத இளம் ஆட்டக்காரர்களின் கார்டுகளை வாங்கி வைப்பான். ஒருவன் பெரிய அணிக்குப் போனால் அவனுடைய கார்டின் விலை மளமளவென்று ஏறும். போகாவிட்டால் அது வெறும் காகித மட்டை. பெரும்பாலும் மட்டைதான் மிஞ்சும்.

"இவன் கட்டாயம் மேலை போவான், அண்ணை. என்ரை கையிலை இருந்தால் அவசரப்பட்டு வித்துப்போடுவன். நீங்கள் வைச்சிருங்கோ. இது அப்பாவுக்கு" என்றான்.

அப்பா இறந்தபோது எங்கள் இரண்டு பேராலும் போக முடியவில்லை. இங்கே தங்குவதற்கான என் அனுமதி, பெர்மெஸ்ஸோ, பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவில் கிடந்தது. அவனுடைய அகதி வழக்கு முடியவில்லை. ஆண் பிள்ளைகள் இரண்டு பேர் இருக்க, பெரியப்பாவின் மகன் கொள்ளி வைத்தான். நாங்கள் ஆளுக்கொரு தேசத்தில் போனைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். ஒருமுறையாவது இருவரும் சேர்ந்து போய், கீரிமலையில் முழுகி, அப்பாவின் திவசத்தைச் செய்ய வேண்டும். எனக்கு லீவு கிடைத்தால் அவனுக்குக் கிடைக்காது. இருவருக்கும் கிடைத்தால் கையில் காசு இராது. தம்பியை நான் கடைசியாக நேரில் பார்த்தபோது அவனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. இப்போது அவன் பிள்ளைக்கு முளைத்துவிட்டது.

கார்ட் வந்த கையோடு நவராத்திரியும் வந்தது. போர்கோ வெக்கியோவில் எங்கள் வீட்டுச் சாமித்தட்டில் பிள்ளைகளின் புத்தகம், லப்டொப், என் சாரதி அனுமதிப் பத்திரம் எல்லாம் ஏறின. என் மனைவி வதனி கார்டையும் உறையிலிருந்து உருவி எடுத்தாள்.

"மூடி வைச்சால் அம்மாளாச்சி எப்படிப் பாப்பா?" என்று கேட்டாள்.

எல்லாவற்றுக்கும் வைத்ததுபோல் அவனுக்கும் ஈரச் சந்தனத்தில் குங்குமம் வைத்தாள். பக்கத்தில் நின்று கற்பூரம் காட்டியவன் நான்தான். புதிதாய் வாங்கிய பொருளுக்குப் பொட்டு வைக்காமல் விடுகிற குடும்பத்தில் நாங்கள் பிறக்கவில்லை.

இந்த ஞாயிறு மத்தியானம் தம்பி வீடியோவில் வந்தான். நின்றபடியே கதைத்தான்.

"அண்ணை, எங்கடை ஆள் பெரிய அணிக்குப் போட்டான்! கார்டை உடனை அனுப்புங்கோ. மாசி மாதத் திவசத்துக்கு ரெண்டு பேரும் போறம்!"

வதனி ஓடிப்போய்க் கார்டை எடுத்து வந்து சந்தோசமாகக் கமராவுக்கு முன்னால் பிடித்தாள். தம்பி கதிரையில் உட்கார்ந்தான்.

"முகத்திலை என்ன அது?"

"பொட்டு, தம்பி. சரஸ்வதி பூசைக்கு வைச்சது."

தம்பி போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் இன்னொரு தரம் பார்த்தான்.

"ஒரு கீறல் இருந்தாலே தரம் பாக்கிறவங்கள் கழிச்சுப்போடுவாங்கள், அண்ணி. இதை இனி ஒருத்தரும் வாங்கமாட்டினம்."

"அப்ப கீரிமலை?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அடுத்த வரியம் பாப்பம், அண்ணை."

எத்தனையோ அடுத்த வருடங்களை நாங்கள் இப்படித்தான் பார்த்திருக்கிறோம். வதனி விம்ம ஆரம்பித்தாள். தான் எங்கள் இருவரையும் பிரித்துவிட்டதுபோல் மன்னிப்புக் கேட்டாள்.

"அழாதேங்கோ அண்ணி" என்றான் தம்பி. "அவன் மேலை போனதே உங்கடை பொட்டாலைதான். எனக்கு இஞ்சை ஆர் வைச்சு விடுகினம்? எனக்கும் ஒண்டு வையுங்கோ."

சொல்லிவிட்டு, தலையைக் குனிந்து நெற்றியைக் கமராவுக்குக் கிட்டக் கொண்டுவந்தான். உச்சியில் முடி கொட்டியிருந்தது. மிச்சமிருந்தது நரைத்திருந்தது. அந்தத் தலையை ஒருமுறை தடவ வேண்டும்போல் இருந்தது எனக்கு. வதனி கண்ணைத் துடைத்துவிட்டு, குங்குமத்தில் விரலைத் தொட்டு, போன் கண்ணாடியில் அவன் நெற்றி தெரிந்த இடத்தில் வைத்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருந்தான்.

பிறகு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போனை வைத்துவிட்டான். கண்ணாடி கறுத்தது. அதில் என் முகம் தெரிந்தது. பொட்டு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது, என் நெற்றிக்குச் சற்று வெளியே.